வாயைத் திறக்காமல் ஜெர்மனியில் ஐந்து நாள்

ஜெர்மனிக்குப் போய் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கைகுலுக்குகிறேன். நான் பிறந்தது கல்லாவி. எங்கள் ஊர்ச் சந்தையில் பக்கத்தில் நிற்கிறவரிடம் விலை கேட்பதற்கே நாலு கடை தள்ளிக் கேட்கிற மாதிரி கேட்போம். போதாததற்கு எனக்கு ஓசூர் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பத்தொன்பது வருடமாக அங்கே குறை கண்டுபிடித்து அதை உரக்கச் சொல்வதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். இப்படிப்பட்டவனுக்கு வாய்ப்பூட்டு போட்டது என் மகள் ஹாசினி. எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

அவளுடைய பள்ளிக்கும் ஜெர்மனியில் சில பள்ளிகளுக்கும் கலாச்சாரப் பரிமாற்றம் என்று ஏற்பாடானது. ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒருவர் போகவேண்டும். நியாயமாகப் போயிருக்க வேண்டியவள் என் மனைவி சுஜாதா. அவள் மாநில எல்லைக்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. என் கம்பெனியிலோ, கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

ஹாசினி நிபந்தனை போட்டது அடுப்படியில் வைத்து.

"அப்பா, நீ வரலாம். ஆனா எந்த ஸ்கூலுக்குள்ளயும் வாயத் தொறக்கக் கூடாது."

"குட் மார்னிங் சொல்லலாமில்ல?"

"தலைய ஆட்டு, போதும்."

"தாகம் எடுத்தா தண்ணி கேக்கறதில்லையா?"

"பாட்டில் எடுத்துக்கோ."

சுஜாதா தெலுங்கில் சிரித்தாள். சிரிப்பில் என்ன தெலுங்கு என்று கேட்காதீர்கள், சூளகிரிப் பக்கத்து என் மாமியார் வீட்டுச் சிரிப்பே தனி.

மகள் மேலும் தப்பில்லை. போன ஆண்டுவிழாவில் அவள் மேடையில் பேசும்போது நடுவில் ஒரு வரி மறந்து நின்றுவிட்டாள். வீட்டில் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகியிருந்த வரி அது. நாலாவது வரிசையிலிருந்து எழுந்து, கல்லாவிக் குரலில், அந்த வரியை எடுத்துக் கொடுத்தேன். மண்டபமே சிரித்தது. அவள் மீதியைப் பேசாமல் இறங்கிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம், அவள் வகுப்பில் யார் எதை மறந்தாலும், "ஹாசினி அப்பாவக் கூப்புடு" என்பார்களாம். இப்போது ஜெர்மனியில் நாலாம் நாள் ஒரு பெரிய பள்ளியில் அவள் பத்து நிமிடம் பேசவேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவ நின்னுட்டேன்னா, இனிமே நான் ஸ்டேஜே ஏற மாட்டேன்ப்பா." விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்தேன்.

பேச்சை எழுதிக் கொடுத்தது அவர்களுடைய இங்கிலீஷ் மிஸ். 'எங்கள் கலாச்சாரம்' என்று தலைப்பு. தஞ்சைப் பெரிய கோயில் வந்தது, பரதநாட்டியம் வந்தது, காஞ்சிப் பட்டும் தலைவாழை இலைச் சாப்பாடும் வந்தன. ஓசூர் முதல் வரியில் ஒரே ஒரு முறை, எங்கிருந்து வருகிறேன் என்று சொல்வதற்காக மட்டும் வந்துவிட்டு, கூச்சப்பட்டுக்கொண்டு போய்விட்டது. படித்துப் பார்த்தபோது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கலாச்சாரம் என்றால் அதெல்லாம்தானே, நம்மிடம் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பிரான்ஸ் எல்லையை ஒட்டியிருக்கிற ஒரு சின்ன ஊர். எங்களைத் தங்க வைத்த அம்மாவின் பெயர் இங்கே. அங்கே இங்கே என்கிற இங்கேதான், அவரே எழுதிக் காட்டிச் சிரித்தார். அவருக்கும் ஹாசினி வயதில் லேனா என்று ஒரு பெண். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மேசையில் ரொட்டி, நாலு வகைப் பாலாடைக்கட்டி, வெள்ளரித் துண்டுகள், வெண்ணெய். சரி, இது தொடக்கம், சாப்பாடு பின்னால் வரும் என்று நான் கொஞ்சமாக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் தட்டைக் கழுவி வைத்தார்கள். அதுதான் சாப்பாடு. இரவுக்கு அந்த நாட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லையாம். தண்ணீராவது குடிக்கலாமென்று குடித்தால் அது சோடா.

இரண்டாம் நாள் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. பேச்சு இல்லை, சுற்றிப் பார்ப்பது மட்டும். ஏழு வயதுப் பிள்ளைகள் தனியாக நடந்தே வருகிறார்கள். ஓசூரில் நாங்கள் பத்தாம் வகுப்புப் பையனைக்கூட வண்டியில் கொண்டுபோய் வகுப்பு வாசலில் இறக்கிவிட்டு, அவன் பையை நாங்களே தூக்கி, தண்ணீர் பாட்டிலை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு வருவோம். அந்தப் பள்ளியில் ஒரு அறையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் நிஜ ரம்பத்தால் நிஜக் கட்டையை அறுத்துக்கொண்டிருந்தான்.  "டேய், விரல், விரல்!" என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினேன். கிட்டப்போய்ப் பார்த்தால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான், கட்டையைக் கிளாம்பில் இறுக்கியிருக்கிறான், அறுத்து முடித்ததும் ரம்பத்தை அதன் இடத்தில் மாட்டிவிட்டுத் தூளைக் கூட்டினான். எங்கள் கம்பெனி ஷாப் ப்ளோரில் மெஷின் ஓட்டுகிற பெரிய ஆட்களுக்குப் பத்தொன்பது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

வீட்டில் பேச எனக்குத் தடையில்லை. ஆகவே அன்று சாயங்காலம் இங்கே அம்மாவைக் கேட்டு அடுப்பை நான் பற்றவைத்தேன். பெட்டியில் இரண்டு கிலோ கேழ்வரகு மாவு கொண்டுபோயிருந்தேன். கிண்டுகிற கோல் இல்லாததால் சப்பாத்திக் கட்டை மாதிரி அவர்களிடம் இருந்த ஒரு உருளையால் கிண்டி, களி உருண்டை பிடித்து, பருப்புக் குழம்போடு வைத்தேன். லேனா ஒரு வாய் எடுத்து மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பல்லில் ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவில்லை.

"மெல்லக் கூடாது," என்று ஹாசினி இங்கிலீஷில் சொன்னாள். "குழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்."

இங்கே அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "மெல்லாமல் விழுங்கினால் ருசி எப்படித் தெரியும்?"

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாழ்நாள் முழுக்க களி தின்கிற எங்களுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. "வயித்துக்குத் தெரியும்," என்றேன். ஹாசினி அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். லேனா இரண்டு உருண்டை விழுங்கினாள்.

மூன்றாம் நாள்தான் பெரிய பள்ளிக்கு முதல் தடவை போவது. லேனா சைக்கிளில் முன்னால் போய்விட்டாள். எங்களை டிராமில் ஏற்றிவிட்டு, ஆறாவது நிறுத்தத்தில் இறங்கச் சொன்னார் இங்கே அம்மா. டிராமில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள், ஆகவே டிராமும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தி என்று ஹாசினி தீர்ப்பு சொல்லிவிட்டாள். நான் வாய் பேசாமல் உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தஞ்சாவூர்க் கோபுரத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆறாவது நிறுத்தத்தில் பிள்ளைகள் இறங்கினார்கள். நான் அவள் தோளைத் தட்டினேன். "இருப்பா, இன்னும் ரெண்டு வரிதான்," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அடுத்த நிறுத்தம் வருவதற்கு நேரமானது. வந்தபோது பெயர்ப் பலகையில் மொழியே வேறாக இருந்தது. இறங்கினோம். பிரான்ஸ். விசா, பாஸ்போர்ட் என்று எத்தனை காகிதம் கொடுத்து ஒரு நாட்டுக்கு வந்தோம், இன்னொரு நாட்டுக்கு இரண்டு வரி முணுமுணுத்ததில் போய்ச் சேர்ந்துவிட்டோம். எங்கள் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழையும்போது ஒரு மாநிலம் மாறுவது குருடனுக்கும் தெரியும். லாரி வரிசை, ஹாரன், டோல்கேட், சாலை மேலே எழுத்து மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது. இங்கே ஒரு நாடு மாறியதற்கு ஒரு குலுக்கல்கூட இல்லை.

எதிர்ப் பக்க நிறுத்தத்தில் ரொட்டிக்கடை ஏப்ரன் கட்டிய ஒரு பெண் நின்றிருந்தார். நான் மகளைப் பார்த்து என் வாயைச் சுட்டிக்காட்டினேன். தடை போட்டது யார்? ஹாசினி பல்லைக் கடித்துக்கொண்டு, போய் இங்கிலீஷில் வழி கேட்டாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார்.

"பயப்படாதே. நானும் அங்கேதான் போகிறேன். வீடு இந்த நாட்டில், வேலை அந்த நாட்டில். தினமும் போய்த் தினமும் வருகிறேன். வீட்டில் பிரெஞ்சு, கடையில் ஜெர்மன். சண்டை போட மட்டும் இரண்டும் போதாது, எங்கள் ஊர்ப் பேச்சு ஒன்று இருக்கிறது."

டிராமில் திரும்பி வரும்போது ஹாசினி கண்ணை மூடவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக, "அம்மா மாதிரியேப்பா," என்றாள். எனக்குப் பேச அனுமதி இல்லை, தலையை ஆட்டினேன்.

பள்ளியில் ஒன்பதாம் எண் அறை. விருந்தாளி என்று என்னைப் பின்னால் உட்காரவிடாமல், கரும்பலகைக்குப் பக்கத்தில், வகுப்பைப் பார்த்தபடி நாற்காலி போட்டார் ஆசிரியர். கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, கொஞ்சம் நகர்த்தினேன். கிறீச்ச்ச்! மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. ஹாசினி பார்த்த பார்வையை விடுங்கள். குனிந்து பார்த்தேன். நாலு காலில் ஒன்றுக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் குமிழைக் காணோம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூன்று நாளாக அந்த நாட்டில் சலித்துத் தேடுகிறேன், ஒரு ஆணி பிசகாக இல்லை, ஒரு கோடு கோணலாக இல்லை. கடைசியில் அகப்பட்டது. ஆனால் சொல்ல முடியாதே! தொழில்காரனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? அன்று பூராவும் அசையாமல் உட்கார்ந்திருந்து முதுகு பிடித்துக்கொண்டது.

நாலாம் நாள் அதே அறை, எனக்கு அதே நாற்காலி. ஹாசினி பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள்.  எனக்கு முன்னால் நாலடி தள்ளி வகுப்பைப் பார்த்து நின்றாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகும் இரட்டைச் சடையும்தான். பேச ஆரம்பித்தாள். முதல் நிமிடம் குரல் நடுங்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. கோயில் கடந்தது, நடனம் கடந்தது, பட்டு, இலைச் சாப்பாடு. அவள் சொல்லச் சொல்ல என் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. ஒரு வரி விடவில்லை. முடித்தாள். கைதட்டினார்கள். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

அப்போது ஒரு சுருட்டை முடிப் பையன் கையைத் தூக்கினான். பெயர் எமில்.

"அந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சொன்னாய். அது எப்படி? நீ எத்தனை மணிக்கு அங்கே நின்று பார்த்தாய்?"

அவன் முகத்தில் கிண்டல் இல்லை. எழுதிக்கொள்வதற்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தான். கிண்டலாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். நிழல் விழாது என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் யார், நின்று பார்த்தவர்கள் யார்? தஞ்சாவூருக்கு அவளும் போனதில்லை, நானும் போனதில்லை.

 ஹாசினியின் சடை அசையவில்லை. பாவாடையை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. ஆண்டுவிழாவில் நின்றாளே, அதே நிற்பு.  'பார்த்தோம், பகல் பன்னிரண்டு மணிக்கு, நானும் கூட இருந்தேன்' என்று இங்கிலீஷில் வாக்கியம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பச்சைப் பொய். ஆனாலும் அவளைக் காப்பாற்றிவிடும். எழுந்தேன். நாற்காலி கத்தியது. மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது.

அவள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் மண்டபம் சிரித்த சிரிப்பு என் காதில் கேட்டது. உட்கார்ந்தேன். நாற்காலி இன்னொரு தடவை கத்தியது.

"பார்க்கவில்லை," என்றாள் ஹாசினி. "அந்தக் கோயிலுக்கு நான் போனதே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டும். இதை எங்கள் டீச்சர் எழுதிக் கொடுத்தார்."

எமில் யோசித்தான். "அப்படியென்றால் உன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?"

"கம்பெனி பஸ்."

அதற்கப்புறம் அவள் பேசியது மிஸ் எழுதாதது. எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, ஷிப்ட் பஸ்ஸைப் பார்த்துத்தான் எழுவார்கள் என்றாள். வெள்ளை பஸ் போனால் அவள் பல் விளக்கவேண்டும், நீலக்கோடு பஸ் போனால் சடை பின்னி முடித்திருக்கவேண்டும், பச்சை பஸ் போய்விட்டால் பள்ளிக்கு லேட். ஒரு நாள் ஸ்ட்ரைக் வந்து பஸ் ஓடாமல் தெருவே தூங்கிப்போனதைச் சொன்னாள். அப்பா தமிழில் கத்துவார், அம்மா தெலுங்கில் திட்டுவாள், காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசவேண்டும் என்றாள். அம்மா தினமும் காலையில் எல்லை தாண்டி வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போய்விட்டு, எல்லையில் வண்டிகள் நகராமல் நின்றுபோய், சாயங்காலம் சிடுசிடுவென்று வீடு திரும்புவாள் என்றாள். நடுநடுவே இங்கிலீஷ் தடுக்கியது. தடுக்கிய இடத்தில் கையால் காட்டினாள்.

ஒரு பெண் எழுந்து, "என் அம்மாவும் எல்லை தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். சிடுசிடுப்புக்கு அவளுக்கு நெரிசல்கூடத் தேவையில்லை," என்றாள். வகுப்பு சிரித்தது. இன்னும் யார் யார் வீட்டில் அப்படி என்று ஆசிரியர் கேட்க, பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. மணி அடித்தது. மணி அடித்தால் பிரதமரே பேசினாலும் எழுந்து போகிற நாடு அது, எழுந்து போனார்கள். ஆனால் எமிலும் இன்னும் மூன்று பேரும் நின்று, எந்தப் பஸ்ஸுக்கு எந்த நிறம் என்று மறுபடியும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நோட்டில் நிழலைப் பற்றி எழுதிய பக்கத்தில் எமில் பெரிய கேள்விக்குறி போட்டு மூடினான்.

திரும்பும்போது டிராம் காலியாக இருந்தது. இரண்டு நிறுத்தம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீ எந்திரிச்ச இல்ல?"

நான் சுற்றிலும் பார்த்தேன். "பேசலாமா?"

"பேசுப்பா."

"இல்லியே. எந்திரிக்கலயே."

"பொய் சொல்லாத. மொதல்ல ஒரு தடவ கிறீச்சுன்னு கேட்டுச்சு. போச்சு, அப்பா ஆரம்பிக்கப் போறாருன்னு நெனச்சேன். அப்புறம் இன்னொரு தடவ கேட்டுச்சு. நீ உக்காந்துட்ட."

"ஆமா."

"அந்த ரெண்டாவது சத்தம் கேட்டப்புறம்தான்ப்பா எனக்கு வாயே வந்துச்சு."

 ஆண்டுவிழாவில் எழுந்து நின்று அவளுக்கு உதவி செய்ததாகத்தான் இத்தனை நாளும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன், வெளியே மன்னிப்புக் கேட்டிருந்தாலும். பேசச் சொல்லிவிட்டாள், எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அவள் என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் வழியனுப்பு. கேக் வெட்டினார்கள், மரக்கன்று நட்டார்கள். அடுத்த வருடம் அவர்கள் ஓசூருக்கு வரும்போது பார்க்க விரும்புகிற இடங்கள் என்று பிள்ளைகள் எழுதிய பட்டியலைக் கொடுத்தார்கள். தஞ்சாவூர் அதில் இல்லை. 'நீலக்கோடு பஸ்', 'ஹாசினி அம்மா வண்டியில் மாட்டிக்கொள்ளும் எல்லை', 'கத்துகிற அப்பா' என்று இருந்தது. கடைசியாகச் சொன்னது எமிலின் கையெழுத்து என்று ஹாசினி சொன்னாள்.

கிளம்பும் நேரத்தில் தலைமையாசிரியை என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். பெற்றோர் நிரப்ப வேண்டியது. மூன்று கேள்விகள். எது பிடித்தது, என்ன கற்றுக்கொண்டீர்கள், எங்கள் பள்ளியில் நீங்கள் கண்ட குறை என்ன. குறை! ஐந்து நாள் வாயைக் கட்டியவனிடம் கடைசியில் எழுத்தில் கேட்கிறார்கள். பேனாவை எடுத்தேன். ஒன்பதாம் எண் அறை, கரும்பலகைக்குப் பக்கத்து நாற்காலி, இடது பின்னங்கால், ரப்பர் குமிழ் இல்லை என்று வாக்கியம் தயாராக இருந்தது. படம்கூட வரைந்திருப்பேன். பத்தொன்பது வருடத்தில் குறையுள்ள எதையும் தெரிந்தே நான் பாஸ் போட்டு அனுப்பியதில்லை.

ஹாசினி வாசலில் லேனாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி ஆட்டி, சத்தமாக.

குறை என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.